மோதிர விரலின் பாதி

கவ்வாத்துக் கத்தி வாதில் பட்டுத் தெறித்து
இடக்கை மணிக்கட்டில் இறங்கியது
ஒன்பதாம் நம்பர் மலையில்,
மாசி மாதம், காலை பத்தரை.
இரத்தம் பெரிதாக ஒன்றுமில்லை.
சுண்டுவிரல்தான் காணாமல் போனது.
கையிலேயே இருந்தது,
வேறு யாரோ கொடுத்து வைத்த சாமான் மாதிரி.
பக்கத்து மோதிர விரலில்
பாதி எனக்கு, பாதி யாருக்கோ.
நடுவில் நூல் பிடித்து எல்லை போட்டிருந்தார்கள்.

கண்டி ஆஸ்பத்திரியில் நரம்பைத் தைத்தார்கள்
கண்ணுக்குத் தெரியாத நூலால்.
தைத்தால் சரிதானே என்றேன்.
மிஸ் ரிஸானா சிரித்தாள்.
"தைத்தது வாசற்படி மட்டும்.
வெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததெல்லாம் செத்துப்போகும்.
இனி இங்கிருந்து முளைத்துப் போகணும்,
நாளைக்கு ஒரு மில்லிமீற்றர்."
அடிமட்டம் வைத்து அளந்தாள்.
சுண்டுவிரல் நுனிவரை
நூற்றைம்பது நாள். தாமதம் தனி.

அந்த இருட்டில் யார் மிஸ் வழி சொல்வது?

உறை சுற்றுகிறவர்கள், என்றாள்.
ஷ்வான் செல்கள்.
இத்தனை வருஷமும் நரம்பைச் சுற்றிச் சுற்றிக்
கொழுப்பால் போர்த்தியதுதான் அவர்கள் வேலை.
நரம்பு செத்ததும் வேலையை விடுகிறார்கள்.
சுற்றியதைத் தாங்களே தின்று
குப்பை கூட்டி
வெறும் குழாய்க்குள் வரிசையாக நின்று
புரதம் கசிகிறார்கள்.

புரதம் என்றால் பருப்பும் கருவாடும் என்றுதான்
தோட்டத்து டிஸ்பென்சரிச் சுவரில் படம்.
"அது சாப்பிடுகிற புரதம்.
இது கூப்பிடுகிற புரதம்."

எவ்வளவு நாள் கூப்பிடுவார்கள்?

கைப்பட்டையை இறுக்கிக்கொண்டே சொன்னாள்:
மாதக்கணக்கில்.
வருஷக்கணக்கில் இல்லை.
வருகிறவன் பிந்தினால் குரல் தேய்ந்துவிடும்.

காலைப் பெரட்டில் என் பேர் கூப்பிடுவதில்லை.
கூப்பிடாத நாளுக்குப் பேர் இல்லை,
பேர் இல்லாத நாளுக்குச் சம்பளமில்லை.
காம்பிராவில் படுத்தபடி
காதருகே கையை வைத்துப் பார்ப்பேன்,
உள்ளே கூப்பிடுவது கேட்குமா என்று.

சித்திரையில் கேத்தல் சுட்டது.
தீய்ந்த மணம் வந்த பிறகுதான் தெரிந்தது
அது என் விரல் என்று.

புனிதா தினமும் மணிக்கட்டிலிருந்து தட்டிக்கொண்டு வருவாள்.
எறும்பு கடிக்கிற இடத்தில் பேனாவால் ஒரு கோடு.
வைகாசியில் ஏழு கோடு.
பிறகு மழை, பிறகு கோடே நகராத பதினொரு நாள்.
"ஒன்பதாம் நம்பரில் துளிர் வந்துவிட்டது,
நீங்கள் வெட்டிய செடியெல்லாம்" என்றாள்.
செடியைப் பற்றிப் பேசாதே என்றேன்.
செடிக்குப் பேர் போட வேண்டியதில்லை.

எங்கள் லயத்துக்கு முகவரி கிடையாது.
கடிதமெல்லாம் தோட்டத்து ஒபீசுக்கு வரும்,
அங்கிருந்து யார் கையிலாவது.
என் கிளினிக் கடிதம் இருபது நாள் பிந்தி
பக்கத்துக் காம்பிரா சந்தனமேரியிடம் கிடைத்தது,
பிரித்து,
மேலே பால்மா கணக்கு எழுதி.

ஆவணியில் இராத்திரி இரண்டு மணிக்கு
சுண்டுவிரல் வலித்தது.
புனிதாவை எழுப்பினேன். வலிக்கிறது, வலிக்கிறது.
விளக்கைப் போட்டுவிட்டு அவள் அழுதாள்,
எதற்கென்று நான் கேட்கவில்லை.

கண்டியில் மிஸ் ரிஸானா
கண்ணை மூடச் சொல்லி ஊசி முனையால் தொட்டாள்.
எங்கே?
மோதிர விரல், என்றேன்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
கண்ணைத் திறந்தேன். ஊசி சுண்டுவிரலில் இருந்தது.

பக்கத்துக் காம்பிராவில் கொடுத்துவிட்டார்கள், மிஸ்.

அவளுக்கு விளங்கவில்லை.
"பரவாயில்லை, மூளை மெல்லப் பழகிக்கொள்ளும்,"
என்று கார்டில் எதையோ எழுதினாள்.

அட்டன் பஸ்ஸில் இடமில்லை.
இடக்கையால் கம்பியைப் பிடித்தேன், வேண்டுமென்றே.
கினிகத்தேனைக்கு மேலே பனி இறங்கியது,
கம்பி குளிர்ந்தது.
சுண்டுவிரலின் குளிரை
மோதிர விரல் வாங்கி வைத்துக்கொண்டது,
உரியவன் வந்து கேட்கும்வரை.